87 வயதில் கொலஸ்ட்ரால்: குளிகையா, மரபணுச் சோதனையா, சும்மா விடுவதா?

மொத்தக் கொலஸ்ட்ரால் 252, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 164, வயது 87. தக்கலை லேபில் எடுத்த அம்மாவின் இந்த ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிட்டது.

உடனே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்க வேண்டும் என்றார் மஸ்கட்டில் இருக்கும் அண்ணன். ரத்தக் குழாய் அடைத்தால் மூளைக்கு ரத்தம் போகாது, ஏற்கெனவே மறதி வேறு இருக்கிறதே என்பது அவர் கவலை. மாத்திரையெல்லாம் வேண்டாம், தேங்காயெண்ணெயையும் முட்டையையும் நிறுத்தினால் போதும் என்றாள் நாகர்கோவில் அக்கா. பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன், "சித்தப்பா, எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் அல்சைமர் ஜீன் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க. அதைப் பார்த்துட்டு முடிவெடுக்கலாம்" என்றான். அம்மாவிடம் கேட்டதற்கு, "இனி எனக்கு எதுக்கு மக்ளே குளிகை?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நம் வேலைதானே. அம்மாவுக்கு இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. சர்க்கரையும் இல்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறார். கீழே வருவதெல்லாம் இந்த நிலையில் இருப்பவருக்கானது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்குக் கணக்கே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். மூளை நம் உடல் எடையில் இரண்டு சதவீதம்தான், ஆனால் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. நரம்பிழைகளின் உறைக்கு அது வேண்டும். அந்தக் கொலஸ்ட்ராலை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல், மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. ஆக ரிப்போர்ட்டில் இருக்கும் 164-ஐ 90-க்குக் கொண்டுவந்தால் மறதி நேரடியாகக் குறையும் என்று எதிர்பார்க்க வழியில்லை. ரத்தக் குழாய் கெட்டு, அதனால் மூளை கெடுகிற பாதை ஒன்று உண்டு. அது உண்மைதான். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

அண்ணன் சொன்னதில் பாதி சரி என்பது இங்கேதான். லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா (மறதி நோய்) ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணிகளுக்குள் உயர் எல்டிஎல் புதிதாகச் சேர்ந்தது. ஆனால் அது நடுத்தர வயதில், அதாவது நாற்பது ஐம்பதுகளில் இருக்கும் எல்டிஎல். எண்பத்தைந்தைத் தாண்டினால் படம் தலைகீழாகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயதுக்கு மேற்பட்ட 724 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1997-இல் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 39 மில்லிகிராம் கூடக்கூட, இறப்பு அபாயம் 15 சதவீதம் குறைவாக இருந்தது. புற்றுநோயாலும் தொற்றுநோயாலும் இறந்தவர்கள் குறைவு என்பதே முக்கியக் காரணம். 2018-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வுத் தரவுகளை வைத்து இன்னொன்று வந்தது. தெளிவான புத்தியோடு 85 முதல் 94 வயதுக்குள் இருந்தவர்களில், நடுவயதில் இருந்ததைவிடக் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தவர்களுக்கு, அடுத்த பத்தாண்டில் பெரிய அறிவாற்றல் சரிவு வரும் அபாயம் 32 சதவீதம் குறைவு. 75 முதல் 84 வரை உள்ளவர்களுக்கோ அதே ஏற்றம் அபாயத்தை 50 சதவீதம் கூட்டியது!

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீங்களா, கொலஸ்ட்ரால் நல்லது" என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 26 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், பிறகு டிமென்ஷியா வந்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தபட்சம் 15 ஆண்டுகளுக்கு முன்பே மற்றவர்களைவிட இறங்கத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் முதுமையில் குறையும் கொலஸ்ட்ரால் பல நேரங்களில் நோயின் விளைவு. பசி குறைகிறது, உடம்பு இளைக்கிறது, எண் இறங்குகிறது. அப்புறம், பாதிக்கப்படக்கூடியவர்கள் முன்பே போய்விட்டார்கள், தாங்கியவர்கள்தான் 87-இல் ரிப்போர்ட் எடுக்கிறார்கள். புயலில் தப்பிக் குளச்சலில் கரை சேர்ந்த வள்ளத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது என்பதற்காக, அந்தத் தண்ணீர்தான் வள்ளத்தைக் காப்பாற்றியது என்று யாராவது சொல்வார்களா? அதனால் அம்மாவின் 252-ஐப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். பத்து வருஷமாக ஒரே மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று 150-க்கு இறங்கியிருந்தால்தான் நான் பதறியிருப்பேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். வயதானவர்களை மட்டும் வைத்து நடந்த பெரிய சோதனை 2002-இல் வெளிவந்த ப்ராஸ்பர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 70 முதல் 82 வயது வரை 5,804 பேர். பாதிப்பேருக்கு ப்ரவாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டின், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் மூன்று ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மாத்திரை போட்டவர்களில் 14.1 சதவீதம் பேருக்கு, போடாதவர்களில் 16.2 சதவீதம் பேருக்கு. நூறு பேருக்கு இரண்டு பேர் லாபம். அந்த லாபமும் பெரும்பாலும் ஏற்கெனவே ரத்தக் குழாய் நோய் இருந்தவர்களுக்கே கிடைத்தது. அறிவாற்றலில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மறதிக்காக ஸ்டேட்டின் என்ற வாதம் அத்தோடு முடிகிறது. ஆனால் "ஸ்டேட்டின் போட்டால் புத்தி மழுங்கும்" என்ற பயமும் அதே ஆய்வில் அடிபட்டுப் போகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் மாத்திரையின் விவரக் குறிப்பில் மறதி, குழப்பம் பற்றிய எச்சரிக்கையைச் சேர்த்தது உண்மை. அது அரிதாக வருவது, மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடுவது. பிறவியிலேயே எல்டிஎல் குறைவாக இருக்கும் மரபணு மாற்றங்களோடு வாழும் டென்மார்க் மக்களை ஆராய்ந்து 2017-இல் வந்த முடிவும், குறைந்த எல்டிஎல்லால் டிமென்ஷியா கூடவில்லை என்பதே.

அப்படியானால் நஷ்டம் இல்லையே, போட்டுவிட்டுப் போகலாமே? 87 வயதில் நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தசை வலி, பலவீனம். அம்மாவுக்கு எடை 44 கிலோ. காலையில் கட்டிலில் இருந்து எழுந்து, சுவரைப் பிடிக்காமல் கிணற்றடி வரை நடந்து போகிறார். அந்த நடைதான் அவருடைய சொத்து. தொடை தசையில் வலி வந்து நடை குறைந்தால், விழுவதற்கு வழி பிறக்கும், இடுப்பு எலும்பு முறிந்தால் கதை வேறு. இன்னொன்று, சளிக் காய்ச்சலுக்குக் கிளாரித்ரோமைசின் மாதிரி ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதினால், சில ஸ்டேட்டின்களோடு அது சேர்ந்து ரத்தத்தில் ஸ்டேட்டின் அளவை ஏற்றிவிடும். நன்மை வரவும் நேரம் பிடிக்கும். 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூறு பேரில் ஒருவருக்கு ஒரு மாரடைப்பையோ பக்கவாதத்தையோ தடுக்கவே இரண்டரை ஆண்டு தேவைப்பட்டது. நோய் வராத 76 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொடங்கலாமா என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-இல் சொல்லிவிட்டது. இந்தக் கேள்விக்காகவே ஆஸ்திரேலியாவில் ஸ்டேரீ, அமெரிக்காவில் ப்ரிவென்டபிள் என்று இரண்டு பெரிய சோதனைகள் தொடங்கப்பட்டன. கேள்வி முடிந்துபோன கேள்வி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மரபணுச் சோதனை விஷயம் பையன் சொன்ன மாதிரி அவ்வளவு எளிதில்லை, ஆனால் சுவாரசியமானது. அவன் சொல்லும் ஜீன் அபோ-ஈ. 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை அதுதான் உண்டாக்குகிறது. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. ஈ4 இருந்தால் எல்டிஎல் கொஞ்சம் கூடும், அல்சைமர் அபாயமும் கூடும். 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இந்த அல்சைமர் தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஈ4 ஒரு பிரதி இருந்தால் அபாயம் சுமார் மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்று சொல்வார்கள். ஈ2 ஓரளவு பாதுகாப்பு. நம் நாட்டில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில், ஈ4-இன் அளவு அமெரிக்க ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக இருந்தது. அங்கே அல்சைமரும் குறைவாகவே தென்பட்டது.

ஆனால் ஈ4-இன் கை ஓங்கியிருப்பது அறுபதுகளின் பின்பாதியிலும் எழுபதுகளிலும். எண்பத்தைந்தை நெருங்க நெருங்க அதன் பிடி தளர்கிறது. 87 வயதுவரை பெயர் சொல்லிப் பேசி, பால் கணக்கு நோட்டில் கூட்டிப் பார்த்து, தப்பு இருந்தால் பால்காரரிடம் சண்டையும் போடுகிறவருக்கு, அந்த ஜீன் சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் வாழ்க்கையே சொல்லிவிட்டது. ஈ4 இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் நாங்கள் என்ன மாற்றிச் செய்யப் போகிறோம்? ஒன்றுமில்லை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அம்மாவிடம் இரண்டு ஈ4 என்று வந்தால், பிள்ளைகள் மூவருக்கும் கட்டாயம் ஒன்று வந்திருக்கும். எச்சில் அம்மாவுடையது, ரிப்போர்ட் எங்கள் எல்லாருடையதும். அக்காவிடம் கேட்டேனா? அவள் தெரிந்துகொள்ள விரும்புவாளா? டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, 2007-இல் தன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானபோது அபோ-ஈ பகுதியை மட்டும் தனக்குச் சொல்ல வேண்டாம் என்று ஒதுக்கச் சொன்னார். பையனுக்கு நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன்: பெற்றோருக்கு அல்சைமர் வந்த 162 பேருக்கு ஆலோசனையோடு சேர்த்து இந்த முடிவைச் சொன்ன ஆய்வில், நீடித்த மனக்கலக்கம் வரவில்லை. ஆலோசனையோடு என்பதுதான் முக்கியம், கூரியரில் வந்த பெட்டியோடு அல்ல.

இந்தச் சோதனை எப்போது உபயோகம்? அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் புதிய ஊசி மருந்துகளைப் போட யோசிக்கிறவர்களுக்கு அவசியம், ஏனென்றால் இரண்டு ஈ4 இருந்தால் மூளை வீக்கம், ரத்தக் கசிவு அபாயம் அதிகம். அப்புறம் அபோ-ஈயை விட்டுவிட்டு வேறு ஒரு மரபணுக் கேள்வி நம் ஊருக்குப் பொருத்தமானது. எல்டிஎல் 190-க்கு மேல், குடும்பத்தில் நாற்பதிலேயே மாரடைப்பு, குதிங்கால் தசைநாணில் கட்டி என்றெல்லாம் இருந்தால் அது பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில், இரு பக்கமிருந்தும் அந்த ஜீன் வந்து சேர்ந்தால் குழந்தைக்கு மிகக் கடுமையாகிவிடும். அங்கே சோதனைக்குச் செலவழிக்கலாம். கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதே என்று அம்மாவைப் பார்த்துப் பயந்தாள் அக்கா. நாற்பதில் அது அறிகுறி, எண்பத்தேழில் அது வெறும் வயசு.

அக்காவின் பத்தியம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை ஏற்றும் என்பது உண்மை. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்ததில் சுமார் 10 மில்லிகிராம் கூடுதல். நாற்பது வயதுக்காரர்கள் ஏத்தங்காய் வறுத்த சிப்ஸைக் கிலோ கணக்கில் உள்ளே தள்ளுவதைக் குறைக்கலாம். ஆனால் 44 கிலோ உள்ள அம்மாவின் தட்டில் இருந்து முட்டையை எடுத்து, அவியலில் விடும் அந்த ஒரு கரண்டி தேங்காயெண்ணெயையும் எடுத்தால், அவர் சாப்பிடுவதே பாதியாகிவிடும். எடை குறைவதுதான் இந்த வயதில் உண்மையான ஆபத்து. சாளைக் குழம்பு, நெத்தோலி அவியல், கூடவே ஒரு முட்டை. புரதம் இதில்தான் வருகிறது. மரச்சீனியை மட்டும் அவித்துக் கொடுத்தால் வயிறு நிறையும், தசை நிற்காது.

கடைசியாக, சும்மா விடுவது. கொலஸ்ட்ராலைச் சும்மா விடலாம், மறதியைச் சும்மா விடக் கூடாது என்பதுதான் என் முடிவு. அண்ணன் "மறதி வேறு இருக்கிறதே" என்றது எதை வைத்து? போனில் பேசும்போது அம்மா சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்பதை வைத்து. ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன், "நாளைக்கு மூத்தவன் வருவான்" என்றார். அம்மா, "சாளைக்கு மீன்காரன் இன்னும் வரல்லியே, மணி பத்தாச்சு" என்றார். மறதியா இது? காது! அதற்குப் பிறகு கவனித்தேன். பாதிப் பேச்சுக்கு அம்மா "ம்... ம்..." என்று தலையாட்டிவிட்டு, பிறகு யாரும் சொல்லவே இல்லை என்கிறார். அவருக்குக் கேட்கவே இல்லை, அப்புறம் எங்கிருந்து நினைவில் நிற்கும்?

அதே லான்செட் ஆணையத்தின் கணக்கில், டிமென்ஷியா வருவதில் நடுவயது எல்டிஎல்லின் பங்கு 7 சதவீதம். காது கேளாமைக்கும் அதே 7 சதவீதம். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை 977 பேருக்கு நடந்த அச்சீவ் சோதனை 2023-இல் வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் காது மெஷினால் மூன்றாண்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அறிவாற்றல் சரியும் அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினருக்கு, சரிவு 48 சதவீதம் மெதுவானது. 87 வயதுக்கு இது அப்படியே பொருந்துமா என்பது வேறு. ஆனால் மெஷின் வைத்தால் பேச்சுக் கேட்கும் என்பதற்கு எந்த ஆய்வும் வேண்டாம். இஎன்டி டாக்டர் முதலில் சொட்டு மருந்து விட்டுக் குரும்பியை எடுத்தார். மெஷின் அதற்கு அப்புறம்.

இன்னொரு பரிசோதனையை ஸ்டேட்டின் எழுதும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்: தைராய்டுக்கான டிஎஸ்எச். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், புத்தியும் மந்தமாகும், இரண்டும் ஒரே காரணத்தால். அதைச் சரிசெய்யாமல் ஸ்டேட்டின் கொடுத்தால் தசை வலியும் கூடுதலாக வரும். வயதானவர்களுக்கு டிஎஸ்எச் லேசாகக் கூடியிருப்பது சகஜம், அதற்கெல்லாம் மருந்து தேவையில்லை. அம்மாவுக்கு அந்த வரம்புக்குள்தான் இருந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, நெஞ்செரிச்சலுக்குப் பான்டாப்ரசோலோ வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் பி12 வைட்டமின் அளவையும் பார்த்துவிட வேண்டும், மீன் சாப்பிடுகிற வீடாக இருந்தாலும்.

பிறகு மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்ப்பது. எங்கள் வீட்டில் தலையணை அடியில் இருந்து ஒரு அட்டை வந்தது, தும்மலுக்கு என்று எப்போதோ வாங்கிய குளோர்பெனிரமின். "ராத்திரி ஒண்ணு போட்டா நல்லா உறக்கம் வருது" என்றார் அம்மா. வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் கொண்டுவருவதில் இந்த வகை மருந்துகள் பேர்போனவை. அல்பிரசோலம், அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாம் இதே பட்டியலில்தான். அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையை ரொம்ப நாள் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் மறதி கூடிக்கொண்டே போனால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவுக்கோ போய் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது அடுத்த படி.

எல்டிஎல்லைப் பற்றி உண்மையில் கவலைப்பட வேண்டியது நாங்கள் மூவரும்தான். அண்ணனுக்கு 59, அக்காவுக்கு 56, எனக்கு 52. அந்த 7 சதவீதக் கணக்கு எங்கள் வயதுக்காரர்களைப் பற்றியது. அம்மாவின் ஜீனில் பாதி எங்களிடம் இருக்கிறது, ஆனால் கரை சேர வைத்த பாதியா என்பது தெரியாது.

இனி மாமாவின் விஷயம். வயது 84, பத்து வருஷத்துக்கு முன்பு ஸ்டென்ட். அம்மாவுக்கு மாத்திரை வேண்டாம் என்று கேள்விப்பட்டதும், "அப்போ நானும் நிறுத்திரட்டுமா?" என்று போன் செய்தார். கூடவே கூடாது. பிரான்சில் இதயநோய் வராத, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்த 75 வயதுக்காரர்களைப் பார்த்த பெரிய ஆய்விலேயே, ஸ்டேட்டினை நிறுத்தியவர்கள் இதய, ரத்தக் குழாய்ப் பிரச்சினைக்காக ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் 33 சதவீதம் கூடியிருந்தது. ஸ்டென்ட் உள்ளவருக்குச் சொல்லவே வேண்டாம். படுத்த படுக்கையாகி, மாதக் கணக்கில்தான் ஆயுள் என்ற நிலை வந்தால் நிறுத்துவதால் கெடுதல் இல்லை என்று 381 நோயாளிகளிடம் நடந்த சோதனை காட்டியிருக்கிறது. மாமா அந்த நிலையிலா இருக்கிறார்? திங்கள்சந்தைக்குத் தானே பஸ் ஏறிப் போய் வருகிறார். அவருக்கு இருப்பது கெண்டைக்கால் வலி. அதை டாக்டரிடம் சொல்லி, தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை எடுத்து, அளவைக் குறைப்பதா, வேறு ஸ்டேட்டினுக்கு மாறுவதா என்று கேட்கும்படி சொல்லியிருக்கிறேன்.